மிளகாய் இல்லாத தண்ணீர்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே ஒரே சமயத்தில் நாலாயிரம் பேருடைய வயிற்று ரகசியம் தெரிந்த ஆள் ராக்காயி ஒருத்திதான். டாக்டருக்குத் தெரியாததும், கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாததும் அவளுக்குத் தெரியும். அவள் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டால் போதும், ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலையெல்லாம் தும்மித் தும்மியே சரிந்துவிடும். லூமுட்டில் நிறுத்தியிருக்கிற போர்க்கப்பல்கள், கண்ணுக்குத் தெரியாத எதிரியை எந்தப் பக்கம் சுடுவதென்று புரியாமல் பங்கோர் தீவை மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். இந்த உலகம் இன்னும் மூச்சு விடுகிறதென்றால் அதற்குக் காரணம் ராக்காயியும், ஆறடிக் கம்பில் அவள் கட்டி வைத்திருக்கிற எவர்சில்வர் மங்குக் குவளையும்தான்.

அப்படிப்பட்ட பெரிய மனுஷி, விடிகாலை நாலரைக்கு அலாரம் அடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தன் முழங்கால்களோடு பேச்சுவார்த்தை நடத்துவாள். இரண்டில் ஒன்று சம்மதிக்கும். சம்மதித்ததை முன்னால் வைத்து, சம்மதிக்காததை இழுத்துக்கொண்டு போய்க் குளிப்பாள். வயது ஐம்பத்து மூன்று. குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷமாகிறது. செத்துப் போனானா சிங்கப்பூர் போனானா என்று கேட்டால், "போயிட்டான்லா" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

அவளுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். அதைப் பார்த்து ஐஸ்கிரீம் என்று நினைத்து ஓடிவந்த பிள்ளைகள் உண்டு. ராக்காயி வண்டியை நிறுத்தி, "என்னா ஐஸ்கிரீம் வேணும், சொல்லு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு முழுக்க அவள் சிரிக்கிற சிரிப்பு அது ஒன்றுதான்.

பெட்டிக்குள் இருப்பது போத்தல்கள். போத்தலுக்குள் இருப்பது கழிவுத் தண்ணீர். வீடு வீடாய்க் கதவைத் தட்டி "ஒங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டால் எவனும் உண்மையைச் சொல்லமாட்டான். வேலைக்குப் போகணும், கல்யாணத்துக்குப் போகணும். ஆனால் கக்கூசுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கோவிட் மாதிரி வைரஸ் ஓர் ஆளுக்குள் புகுந்தால், அவன் இருமத் தொடங்கும் முன்பே அவன் வயிற்று வழியாக வெளியே வர ஆரம்பித்துவிடுமாம். ஆகவே ஒரு குடியிருப்பின் கழிவுநீரெல்லாம் சேர்ந்து போகிற மேன்ஹோலில் வாரத்துக்கு ஒரு போத்தல் எடுத்துச் சோதித்தால், அந்த இடத்தில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஈப்போவில் ஓர் ஆய்வகம் இதைச் செய்கிறது. சோதிப்பதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். குனிந்து அள்ளுவதற்கு ராக்காயி இருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் நான்கு இடம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் ஊரே அந்த நேரத்தில்தான் உட்காருகிறது. இரும்புக் கொக்கியால் மூடியைத் தூக்கி, மங்குக் குவளையை உள்ளே விட்டு அள்ளி, போத்தலில் ஊற்றி, நேரம் எழுதி, ஐஸில் வைத்து, பத்து மணிக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நாற்றத்துக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. முகமூடியின் உள்பக்கம் கோடாலித் தைலத்தை அப்பிக்கொள்வாள். அதற்குப் பிறகு உலகத்தில் என்ன மணந்தாலும் அவளுக்குக் கோடாலித் தைலம்தான்.

நான்காவது இடம் அவள் பிறந்த இடம். வெள்ளக்கல் தோட்டம். இப்போது தோட்டம் என்பது பெயரில்தான் இருக்கிறது. ரப்பர் மரங்களை வெட்டி, நிலத்தை விற்று, பழைய தொழிலாளர்களுக்கு அறுபத்திரண்டு வீடு கட்டிக்கொடுத்து, குடியிருப்புக்குத் தாமான் என்று பலகை வைத்துவிட்டார்கள். ராக்காயிக்கு வீடு கிடைக்கவில்லை. பத்திரம் எழுதுகிற வருஷத்தில் அவள் தாப்பாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். இருந்தவனுக்கு வீடு, போனவளுக்குப் போத்தல். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

பேசாமல் இருக்க முடியாத ஒன்று போன மார்ச் மாதம் நடந்தது.

பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவளை ரதீசன் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ரதீசன் ஆய்வகத்தில் மாதிரிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ராக்காயி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்வதில்லை.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. நாலாவது பாயிண்டு தண்ணிய எங்க எடுக்குறீங்க?"

"எப்பவும் எடுக்குற எடத்துலதான் சார். பம்ப் கொட்டகைக்குப் பக்கத்து மேன்ஹோல்."

"மூணு வாரமா அதுல ஒன்னுமே இல்ல."

"நல்லதுதானே சார். நோய் இல்ல."

"நோய் மட்டும் இல்லன்னா நல்லதுதான். மொளகாயே இல்லக்கா."

ராக்காயி அவரைப் பார்த்தாள். கிண்டலா என்று தெரியவில்லை. ரதீசனுக்குக் கிண்டல் வராது என்பது நினைவுக்கு வந்தது.

அவர் விளக்கினார். மிளகாய்ச் செடிக்கு வருகிற வைரஸ் ஒன்று இருக்கிறது. மனுஷனை ஒன்றும் செய்யாது. மிளகாய் தின்றவன் வயிற்றுக்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் எந்தப் போத்தல் வந்தாலும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். அது இருந்தால், இது நிஜமாகவே மனுஷர்கள் போன தண்ணீர். இல்லாவிட்டால்?

"தோட்டத்து ஜனங்க மூணு வாரம் மொளகா இல்லாம சாப்பிட்டாங்கன்னு நான் ரிப்போர்ட்டு எழுத முடியுமா அக்கா?"

"அப்ப என்ன சார் சொல்ல வாரீங்க?"

ரதீசன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "சில பேரு, குனிய முடியாதப்ப, பைப்புல புடிச்சிடுவாங்க. வேற எடத்துல நடந்திருக்கு. நான் ஒங்களச் சொல்லல. ஆனா மாசக் கடைசியில கான்ட்ரேக் புதுப்பிக்கணும். அடுத்த செவ்வாயும் இப்படியே வந்துச்சின்னா என் கையில ஒன்னும் இல்ல."

ராக்காயி எழுந்து வெளியே வந்து, வண்டியைக் கிளப்பாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயதில், தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில், கணக்கு எழுதுகிற கிராணி அவள் வாளியைப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ராத்திரி மழை பெய்து மரத்தில் கட்டின கோப்பைகளில் விழுந்திருந்தது. சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அன்றைய கூலியில் பாதி போனது பெரிதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் வாளியை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். அன்றைக்குப் பாலில் தண்ணீர் கலந்தவள். இன்றைக்குக் கக்கூஸ் தண்ணீரில் தண்ணீர் கலந்தவள். முப்பத்தேழு வருஷத்தில் கிடைத்த பதவி உயர்வு.

"எனக்கு முடியலடா சாமி," என்று வண்டியின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடியில் இருந்தவளும் அதையே சொன்னாள்.

வேலை போனால் சோறு எங்கே என்பது ஒரு கவலை. ஆனால் இத்தனை வருஷம் எது கிடைத்ததோ இல்லையோ, ராக்காயி கள்ளத்தனம் செய்தாள் என்று ஒருவன் சொல்லவில்லை. அந்த ஒன்றும் போகப்போகிறதென்றால் சும்மா விடுவதற்கில்லை.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம், வேலை இல்லாத நாளில், சொந்தக் காசில் வண்டிக்கு எண்ணெய் போட்டு வெள்ளக்கல்லுக்குப் போனாள். நுழைகிற இடத்தில் ஃபரீதாவின் மளிகைக் கடை. ஃபரீதா அவளோடு ஒரே பள்ளியில் படித்தவள். அவள் வாப்பா காலத்திலிருந்து தோட்டத்துக்கே அந்தக் கடைதான்.

"வா ராக்கு, வா. ஒன் புண்ணியத்துல எனக்கு நல்ல யாவாரம்."

"என் புண்ணியமா? என்னா யாவாரம்?"

"கக்கூசுல ஊத்துற குளோராக்ஸ்தான். திங்கக்கெழம ஆனா தட்டுல நிக்க மாட்டேங்குது. வீட்டுக்கு ரெண்டு போத்தல், மூணு போத்தல். டெட்டோலும் முடிஞ்சிருச்சி. இப்பப் பாரு, கழுவுற சவர்க்காரத்தக் கூட தூக்கிக்கிட்டுப் போறாளுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்கி நீ வாரல்ல?"

ராக்காயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபரீதா கடைக் கதவைக் காட்டினாள். லாட்டரிச் சீட்டு விளம்பரத்துக்கும் காணாமல்போன பூனைக்கும் நடுவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் அறிவிப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் இக்குடியிருப்பின் கக்கூஸ் தண்ணீர் சோதனை செய்யப்படும். எந்த வீட்டுத் தண்ணீர் மோசமாக இருக்கிறதோ அந்த வீட்டு நம்பர் வெளியே சொல்லப்படும். கீழே வட்டமாக ஒரு முத்திரை. சோடா மூடியை மையில் தோய்த்துக் குத்தின மாதிரி இருந்தது.

"இத யாரு ஒட்டுனா?"

"நீதான்னு நெனச்சேன்."

ராக்காயி கடையை விட்டு இறங்கி நேரே பம்ப் கொட்டகைக்குப் போனாள். மூடியைக் கொக்கியால் தூக்கி, முகமூடி இல்லாமல், தைலம் இல்லாமல், முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மேன்ஹோல் நீச்சல் குளம் மாதிரி மணந்தது.

அப்புறம்தான் எல்லாம் புரிந்தது. இந்த ஜனங்களுக்கு இது புதுசே இல்லை. அவள் சின்னப் பிள்ளையாகத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்த காலத்தில், சுகாதாரம் பார்க்க மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே கங்காணி குரல் கொடுப்பார். "நாளைக்கு லயம் பாக்க வாராங்க!" உடனே வீட்டுக்கு வீடு லோங்காங் சாக்கடையில் மருந்தைக் கொட்டிக் கழுவி விடுவார்கள். வருகிறவர் மூக்கைச் சுளிக்கக் கூடாது. சுளித்தால் லயத்துக்கே மானக்கேடு. ரப்பர் மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. சோதனை என்று கேட்டதும் அறுபத்திரண்டு வீடும் போட்டி போட்டுக்கொண்டு ஊற்றியிருக்கிறது. அவ்வளவு மருந்தில் வைரஸும் சிதைந்து, மிளகாயும் சிதைந்து, ராக்காயியின் பெயரும் சிதைந்துபோனது.

அந்தத் தாளை யார் ஒட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. எவனோ வேலை வெட்டி இல்லாதவன். ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டான். ஒவ்வொரு செவ்வாயும் அந்த மூடியைத் திறக்கும்போது அந்தப் பொம்பளை முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பான். ஜனங்கள் கொஞ்சம் சுத்தமாகக் கழுவிவிட்டால் அவளுக்கு நாற்றமாவது குறையுமே என்று தோன்றியிருக்கும். பயமுறுத்தினால்தான் கழுவுவார்கள் என்றும் தோன்றியிருக்கும். மிளகாய் வரைக்கும் யோசிக்கிற மூளை அவனுக்கு எங்கே இருந்திருக்கப்போகிறது, பாவம்.

ராக்காயி அவனைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. இருட்டுவதற்குள் கனகராஜைப் பார்க்க வேண்டியிருந்தது. கனகராஜ் தோட்டத்தின் கடைசிக் கங்காணி, அறுபத்தெட்டு வயது, இப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர். திங்கட்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் "நாளை சோதனை, மறவாதீர்" என்று குரல் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று ஃபரீதா சொல்லியிருந்தாள்.

கனகராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. எப்படி நம்ம தண்ணி? தாப்பா வரைக்கும் இந்த மாதிரித் தண்ணி உண்டா?"

"அண்ணே, நாளைக்கு ஒருத்தரும் மருந்து ஊத்தக் கூடாதுண்ணே."

"என்னா பேசுற நீ? வீட்டு நம்பரச் சொல்லுவான்ல? நம்ம எடத்து மானம் என்னா ஆகுறது?"

"வீட்டு நம்பரெல்லாம் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒன்னாத்தான் கலந்து வருது. எவனோ வெளாட்டுக்கு ஒட்டியிருக்கான்."

"வெளாட்டா? முத்திர இருக்கே."

"அது சோடா மூடிண்ணே!"

மூன்று வாரமாகச் சோடா மூடிக்குக் கட்டுப்பட்டதை ஒரு கங்காணியால் அவ்வளவு சீக்கிரம் விழுங்க முடியாது. "இருக்கட்டுமே. சுத்தமா இருந்தா என்னா சூசா, யாருக்கு என்னா கஷ்டம்?" என்றார்.

ராக்காயி படியில் உட்கார்ந்தாள். "நான் பைப்புல தண்ணி புடிச்சிக் குடுத்து ஏமாத்துறேன்னு சொல்றாங்கண்ணே. மொளகாயே இல்லையாம் தண்ணியில. நம்ம வீட்டுல மொளகா இல்லன்னா எவன் நம்புவான்? அன்னிக்குப் பால்ல தண்ணி கலந்தேன்னு கிராணி சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. மழ பேஞ்சது ஒங்களுக்கும் தெரியும். நீங்களும் வாயத் தொறக்கல."

கனகராஜ் இருமினார். இந்த முறை இருமல் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. பிறகு கைப்பேசியை எடுத்து, விடிகாலையில் ஆள் கணக்கெடுத்த பழைய பெரட்டுக் களத்துக் குரலில் பேசி அனுப்பினார்: "வணக்கம். நாளைக் காலை வரை யாரும் கக்கூசில் மருந்து ஊற்றக் கூடாது. இது கண்டிப்பு. எல்லாரும் இன்று ராத்திரி காரமாகச் சாப்பிடவும்."

அது போதாதென்று ராக்காயி தானும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "தயவு செஞ்சி நாளைக்கு அழுக்கா இருங்க" என்று கெஞ்சுவது சாமான்யமான காரியமில்லை. ஒருத்தி, "ஒனக்குன்னுதானே வெளக்கி வெளக்கி ஊத்துனேன்," என்று மூக்கைச் சிந்தினாள். இன்னொருத்தி கதவை மூடிக்கொண்டு உள்ளிருந்தே, "எங்க வீட்டுல யாரும் போறதே இல்ல," என்றாள். ஃபரீதா மட்டும், "வாங்கி அடுக்குன ஸ்டாக்க நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்று சண்டைக்கு வந்தாள். அறைக்குத் திரும்பியதும் ரதீசனுக்குப் போன் போட்டாள்.

"சார், நாளைக்கு நீங்களே வாங்க. நின்னு பாருங்க. நான் எடுக்குறதப் பாத்துட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

ரதீசன் வந்தார். ஏழு மணிக்கு, வெள்ளைச் சட்டையோடு. ராக்காயி கொக்கியை அவர் கையில் கொடுத்து, "இழுங்க சார்," என்றாள். மூடி அரை அங்குலம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த நாற்றம் அவர் முகத்தில் அடித்தது. ஆய்வகத்தில் அவர் பார்ப்பதெல்லாம் மூடின போத்தலும் கம்ப்யூட்டர் கோடும்தான். ரதீசன் பத்தடி தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ராக்காயி அள்ளினாள், ஊற்றினாள், நேரம் எழுதினாள். ஒவ்வொரு தடவை குனியும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா தனியா தூக்குறீங்க இத?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் சார்."

மூடியைத் திரும்பப் போடும்போது அவரும் ஒரு கை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ராக்காயி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மொளகா வந்திருச்சி. ரொம்ப ஜாஸ்தி."

"சரி சார்." ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"இன்னொன்னும் வந்திருக்குக்கா. கோவிட். நாலு பாயிண்டுல ஒங்க பாயிண்டுதான் ரொம்ப ஒசரம். மூணு வாரமா அங்க ஏறிக்கிட்டே இருந்திருக்கணும், நமக்குத்தான் தெரியல."

திங்கட்கிழமை கிளினிக் வேன் வெள்ளக்கல்லுக்கு வந்தது. பதினாலு பேருக்குக் கோவிட் இருந்தது. சளி என்று சொல்லிக்கொண்டிருந்த கனகராஜை அங்கேயே ஆக்சிஜன் பார்த்து நேரே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் கிடந்தார். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் அந்தப் பாதியும் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். ராக்காயி பார்க்கப் போனபோது, "மழ பேஞ்சது புள்ள, அன்னிக்கு," என்று மட்டும் சொன்னார்.

அவளுக்குக் கான்ட்ரேக் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். ஒரு வருஷம் கேட்டாள், ஆறு மாதம் கொடுத்தார்கள். ரதீசன் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் மூடி தூக்குவதற்குச் சக்கரம் வைத்த நெம்புகோல் ஒன்று பெட்டியோடு இருந்தது. அதை வண்டியில் கட்ட இடமில்லாமல் ராக்காயி இன்னும் கொக்கியால்தான் தூக்குகிறாள்.

இந்தக் கதையை இதுவரை எழுதின ஷர்வின், போன செவ்வாய்க்கிழமை இதை அவளிடம் படித்துக் காட்டினான். ஷர்வின் வெள்ளக்கல்லில்தான் இருக்கிறான். பதினேழு வயது, பம்ப் கொட்டகைக்கு எதிர் வீடு. ராக்காயி போத்தலை ஐஸில் வைத்துவிட்டு, ஃபரீதா கடை பெஞ்சில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று அவன் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தான்.

"படி, படி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ஒலகம் மூச்சு விடுறது என்னாலயா? மாசா மாசம் வாடகைக்கே எனக்கு மூச்சு முட்டுது."

"சும்மா ஒரு கெத்துக்கு அத்தே."

"சரி, இருந்துட்டுப் போவட்டும்." ஒரு மிடறு குடித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த நோட்டீஸ்காரனுக்கு மட்டும் என்னாடா இம்புட்டு வக்காலத்து?"

"கதன்னா எல்லாப் பக்கமும் பாக்கணும்ல அத்தே."

"ஆமா, பாக்கணும்." அவள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள். "இருந்தாலும் அந்தத் தாளு மழையிலகூட பிரியாம நின்னுச்சிடா. கடப் பசையா அது?"

"பசைக்கு எங்க அத்தே போறது, சோத்துப் பருக்கதான்..."

ஷர்வின் வாய் அதோடு நின்றது. ராக்காயி கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.